வாழ்க்கை வரலாற்றுல எழுதினவர்ர பார்வைய மேற்கோளுக்குள்ள எங்க தேடுற?

படுவான்கரைப் புள்ள

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆசிரியர் பயிற்சி செய்யிறன், பாடம் தமிழ். ஒரு அசைன்மென்ட் தந்திருக்காங்க, ஏதாவது ஒரு வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்த எடுத்து அதுல வாற மேற்கோள்கள வச்சு நூலாசிரியர்ர நோக்கு என்ன எண்டு கண்டுபிடிச்சு எழுதட்டாம். நான் எடுத்தது மட்டக்களப்பு எழுவான்கரைப் பக்கம் ஒரு கடற்கரை ஊருல பள்ளிக்கூடம் உண்டாக்கின பெரிய வாத்தியார் ஒருத்தரப் பத்தின சின்னப் புத்தகம், எழுதினவர் அவர்ட்ட படிச்ச பழைய மாணவன். பேரையும் ஊரையும் இங்க போடல்ல, ஏனெண்டா குடும்பத்து ஆக்கள் இருக்காங்க.

என்ட பிரச்சினை இதுதான். மேற்கோள் எண்டா இன்னொராள் சொன்ன சொல்லு. வாத்தியார் சொன்னது வாத்தியார்ர கருத்து, மீன்காரர் சொன்னது மீன்காரர்ர கருத்து, அதுக்குள்ள எழுதினவர எங்க போய்த் தேடுற? அவர் ஒரு இடத்திலயும் என்ட கருத்து இது எண்டு எழுதல்ல, முன்னுரையில கூட உள்ளத உள்ளபடி தொகுத்திருக்கன் எண்டுதான் போட்டிருக்கார். அப்ப அவருக்கு நோக்கே இல்ல எண்டு எழுதிப்போடுவமா எண்டும் யோசிச்சன், எழுதினா லெக்சரர் சிரிப்பா.

மனசுல நிக்கிற இடம் நாலு இருக்கு, சொல்றன். முதலாவது, கல்விக் கந்தோர் பள்ளிக்கூடத்தப் பதிய ஏலாது எண்டு சொல்லுது, வாத்தியார் ஊராக்களக் கூட்டி, "கூரையைப் பிறகு வேய்வோம், பதிவை முதலில் பெறுவோம்" எண்டு சொல்றார். ரெண்டாவது, கரைவலை சீசன்ல ஒரு மீன்காரர் வந்து மகன மறிக்கிறார், "எனக்கென்ன சேர் தெரியும், பொடியன் வலைக்கு வந்தாத்தானே அடுப்பெரியும்" எண்டு. மூணாவது அந்தப் பதிவு தராத அதிகாரி, அவர் என்ன சொன்னார் எண்டு நேரா இல்ல, "அதிகாரி ஏதேதோ காரணங்கள் கூறித் தட்டிக்கழித்தார்" எண்டு மட்டும் இருக்கு. நாலாவது வாத்தியார்ர மனிசி, பள்ளிக்கூடத்துக்கு அவட நகைய அடகு வச்ச இடத்துல "அம்மையார் மறுபேச்சுப் பேசவில்லையாம்" எண்டு ஒரு வசனம், அவ்வளவுதான்.

இதுகள வச்சு என்னத்த எழுதுற? ஆராவது விளங்கப்படுத்துவீங்களா, அடுத்த கிழமை குடுக்கோணும்.


கல்லடிப் பாலத்தடி

புள்ள, உங்கட கேள்விக்குள்ளயே பாதி விடை கிடக்கு. நாலு இடத்தயும் ஏன் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கார் எண்டு யோசிச்சீங்களா? வாத்தியாருக்கு மேற்கோள் குறி போட்டு முழு வசனம், மீன்காரருக்கும் மேற்கோள் குறி, அதிகாரிக்கு குறியும் இல்ல வசனமும் இல்ல, மனிசிக்கு "பேசவில்லையாம்" எண்டதுல கடைசியில வாற ஒரு "ஆம்". ஒரே புத்தகம், ஒரே எழுத்தாளர், நாலு பேர்ர வாய நாலு மாதிரித் திறந்திருக்கார், ஒண்டத் திறக்கவே இல்ல. அந்தத் திறக்கிற வேலை முழுக்க எழுதினவர்ர. சொன்னது ஆரோ, அத எடுத்து அவடத்துல வச்சது இவர்.

இன்னொண்டு பாருங்க. ஒரு மனுசன் எழுவது வருசம் சீவிச்சா எத்தின லட்சம் வசனம் பேசியிருப்பான், கடையில பேசினது, புள்ளைகளுக்கு ஏசினது, சம்பளம் காணாது எண்டு புறுபுறுத்தது, எல்லாம் இருக்கும். புத்தகத்துக்குள்ள வந்தது அதுல ஒள்ளுப்பம். கூரையப் பிறகு வேய்வம் எண்டத எடுத்தவர், அதே கூட்டத்துல வாத்தியார் கோவத்துல ஏசினதையும் கேட்டிருக்கலாம், எடுக்கல்ல. அப்ப எடுத்ததுகள எல்லாம் வரிசையா ஒரு கொப்பியில எழுதிப் பாருங்க. எல்லாம் உறுதி, தியாகம், ஊர் முன்னேற்றம் எண்ட பக்கமே நிக்குதா, இல்லாட்டி பகிடி, சலிப்பு, பிழை விட்ட இடம் எதாவது கலந்து வருதா? ஒரு பக்கமே நிண்டா எழுதினவர் வாத்தியார எங்க நிப்பாட்டி வச்சிருக்கார் எண்டு விளங்கும்.

மறுகா மேற்கோள் முடியிற இடத்துல வாற வினைச்சொல்லப் பாருங்க, அதுலதான் ஆள் மாட்டுவார். நானே ஒரு உதாரணம் கட்டுறன், கற்பனைதான். ஒரு சங்கத் தலைவர் கூட்டத்துல "கையில் இருந்த பணம் முடிந்துவிட்டது" எண்டு சொன்னார் எண்டு வச்சுக்கொள்ளுங்க. இத "என்றார்" எண்டு முடிச்சா நாங்களா ஒண்டும் நினைக்க மாட்டம். "என்று ஒப்புக்கொண்டார்" எண்டா ஏதோ ஒளிச்சு வச்சிருந்தார் போல வந்திரும். "என்று மனம் திறந்தார்" எண்டா நேர்மையான ஆள். "என்று சமாளித்தார்" எண்டா கள்ளன். மேற்கோள் குறிக்குள்ள ஒரு எழுத்தும் மாறல்ல, தலைவர் மட்டும் ஆள் மாறிட்டார். உங்கட புத்தகத்துல அதிகாரிக்கு விழுந்தது "தட்டிக்கழித்தார்". அந்த மனுசன் உண்மையில என்ன காரணம் சொன்னார், காணி உறுதி இல்லையா, புள்ளைகள்ட எண்ணிக்கை காணாதா, கிட்ட இன்னொரு பள்ளிக்கூடம் இருந்ததா? அந்தக் காலத்துல பதிவுக்கு இதெல்லாம் கேப்பாங்கதானே. வாசிக்கிற நமக்கு அது தெரியப்படாது எண்டு எழுதினவர் முடிவெடுத்திருக்கார், "ஏதேதோ" எண்ட ஒரு சொல்லால கதவப் பூட்டிட்டார்.

மீன்காரர்ர இடம்தான் எனக்கு இதுல ஆகலும் விருப்பம். அவர் சொன்னதுக்குப் பிறகு என்ன வருது? அத நீங்க சொல்லல்ல. வாத்தியார் திருப்பி ஒரு நல்ல மறுமொழி சொல்லி, மீன்காரர் தலையக் குனிஞ்சு போற மாதிரி பந்தி முடியுதா, இல்லாட்டி அடுப்பெரியும் எண்ட வசனத்தோடயே பந்தி நிக்குதா? ரெண்டும் ஒண்டில்ல. அத வந்து சொல்லுங்க, மிச்சத்தக் கதைப்பம்.


அச்சுக்கூடத்துக் காக்கா

தங்கச்சி, நான் சம்மாந்துற. கல்முனைப் பக்கம் அச்சுக்கூடத்துல கனகாலம் வேல செஞ்ச ஆள், எழுத்துக் கோர்த்த காலத்துலருந்து கம்ப்யூட்டர் வந்த காலம் வரைக்கும். இந்த மாதிரி ஊர்ப் பெரியாக்கள்ட புத்தகம், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், தமிழாக்கள்ட 31ஆம் நாள் நினைவு மலர், எங்கடாக்கள்ட ஹாஜியார்மார்ர வரலாறு எண்டு எத்தினய அடிச்சிருப்பம். கல்லடிச் சேர் சொன்னது சரிதான், நான் உள்பக்கத்துலருந்து ஒண்டு சொல்றன்.

கையெழுத்துல வாற பிரதியில பாதிக்கு மேல மேற்கோள் குறியே இரிக்காது. பழைய ஆக்கள் "என்று" போட்டு முடிச்சிருவாங்க, எங்க முடியுது எண்டு தெரியும், எங்க தொடங்குது எண்டு தெரியாது. குறியத் தொடங்கிற இடத்த நாங்கதான் மட்டுக்கட்டிப் போடுற, புரூப் போனா எழுதினவர் பாத்து ஓம் எண்டுவார், பாக்காட்டி அப்புடியே போயிரும். அதனால பழைய புத்தகம் எண்டா மேற்கோள் குறி இரிக்கி எண்டதுக்காக அந்த மனுசன் அப்புடியே சொல்லுக்குச் சொல்லு பேசினார் எண்டு நம்பிராதங்க.

மத்தது புரூப்ப பாக்கிற கதை. முதல் புரூப்ல "என்று கேட்டார்" எண்டு இரிக்கும். ரெண்டாவது புரூப் வரக்க சிவப்புப் பேனையால "என்று கம்பீரமாகக் கேட்டார்" எண்டு வந்திரும். கேட்டது வாயில்லாத மனுசன், நான் கண்ணால கண்ட ஆள், கம்பீரம் எங்கயோ கிடந்து வருது. நாங்க என்ன செய்யிற, சேத்துப் போடுவம். ஆனா எழுதினவர் எந்த வசனத்துக்குக் கம்பீரம் போட்டார், எதுக்குப் போடல்ல எண்டு பாத்தா ஆள்ட மனசு விளங்கும்.

நான் கவனிச்ச பெரிய விசயம் என்னெண்டா ஆருக்கு எந்தத் தமிழ் எண்டது. நீங்க எழுதினதுலயே இரிக்கி, திருப்பி வாசிங்க. வாத்தியார் "வேய்வோம், பெறுவோம்" எண்டு பேசிறார். எங்கட பக்கத்துல எந்த வாத்தியார் ஊராக்களுக்கு முன்னால நிண்டு பெறுவோம் எண்டு கதைச்சார்? "கூரைய மறுகா மேயிவம், முதல்ல பதிவ எடுப்பம்" எண்டுதானே சொல்லியிருப்பார். எழுதினவர் அத இலக்கணத் தமிழாக்கிட்டார். அதே ஆள் மீன்காரர்ர வாயில "பொடியன் வலைக்கு வந்தாத்தானே அடுப்பெரியும்" எண்டு அப்புடியே ஊர்க் கதைய விட்டிட்டார். ரெண்டு பேரும் ஒரே மண்ணுலதான் நிண்டு கதைச்சாங்க. ஒருத்தர்ர பேச்ச சலவை செஞ்சு மடிச்சு வச்சிட்டு மத்தவர்ரத அப்புடியே தொங்கவிட்ட மாதிரி. வாத்தியார் உயர்ந்தவர், மீன்காரர் பாமரன் எண்டு ஒரு வசனமும் எழுதாமலே எழுதியாச்சு.

எனக்கு இதுல ஒரு கோவமும் இரிக்கி, எங்கட வாப்பாவும் தோணிக்காரர்தான், அது வேற கதை.


தேத்தண்ணிக்கட

எல்லாரும் நல்லாக் கதைக்கிறீங்க, ஆனா ஒள்ளுப்பம் பொறுங்க. எல்லாத்துக்குள்ளயும் உள்நோக்கம் தேடப் போனா தங்கச்சி தேவையில்லாம எழுதினவர்ர தலையில பழியப் போடப் போறா.

அதிகாரிட சொல்லு புத்தகத்துல இல்ல எண்டா ஏன் இல்ல? ஒளிச்சிட்டார் எண்டு ஒரே பாய்ச்சல்ல சொல்லாதீங்க. 1978 நவம்பர்ல சூறாவளி அடிச்சப்ப மட்டக்களப்புல எத்தின கந்தோர்ர கூரை போனது, எத்தின பைல் நனைஞ்சு ஊறிப் போனது. மறுகா 2004 டிசம்பர் 26, கரையோரம் முழுக்க, கல்முனை, மருதமுனை, காரைதீவு எண்டு வீட்டோட கடிதம் போட்டோ எல்லாம் கடலோட போச்சுது. இடையில இடம்பெயர்வு வேற. எங்கட பக்கத்துல ஒராள்ட வரலாறு எழுதிற எண்டா காகிதம் கிடைக்காது, ஆக்கள்ட ஞாபகம்தான் மிச்சம், அதுவும் உயிரோட இருக்கிற ஆக்கள்ட. அதிகாரிட கடிதம் கிடைச்சிருந்தா போட்டிருப்பாரோ என்னமோ.

அதே மாதிரி வாத்தியார்ர பேச்சு இலக்கணத் தமிழ்ல இருக்கு எண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அவர் ஊராக்களுக்கு எழுதின துண்டுப்பிரசுரத்துலருந்தோ கூட்ட அறிக்கையிலருந்தோ எடுத்திருந்தா அது எழுத்துத் தமிழாத்தானே இருக்கும். மீன்காரர் துண்டுப்பிரசுரம் எழுதல்லயே. நான் எழுதினவருக்கு வக்காலத்து வாங்கல்ல, மேற்கோள் எங்கருந்து வந்தது எண்டு பாக்காம தீர்ப்புச் சொல்லாதீங்க எண்டுதான் சொல்றன்.


கல்லடிப் பாலத்தடி

தேத்தண்ணிக்கட சொல்றதுல ஞாயம் இருக்கு. இல்லாத மேற்கோள வச்சு வாதம் செய்யக்க கவனம் வேணும். ஆனா அதுக்கும் ஒரு வழி இருக்கு. கடிதம் கிடைக்கல்ல எண்டா நேர்மையா எழுதிற ஆள் "அதிகாரியின் கடிதம் கிடைக்கவில்லை" எண்டு ஒரு வரி போடுவார். அதப் போடாம "ஏதேதோ" எண்டு எழுதினா காகிதம் இல்லாதது மட்டும் காரணமில்ல. சூறாவளி பைலக் கொண்டு போகும், "தட்டிக்கழித்தார்" எண்ட வினைச்சொல்லக் கொண்டு வந்து வைக்காது.

மேற்கோள் எங்கருந்து வந்தது எண்ட கேள்விக்கு பெரிய உதாரணம் ஒண்டு சொல்றன், உ.வே.சாமிநாதையர். அவர் தன்ட குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிட வரலாற ரெண்டு பாகமா எழுதினார், 1933லயும் 1934லயும் வந்தது. பிள்ளை இறந்தது 1876ல. கணக்குப் பாருங்க, குரு போய் அம்பத்தேழு வருசத்துக்குப் பிறகு, தனக்கு எழுவத்தெட்டு வயசாகக்க எழுதிறார், அவர் அவர்ட்ட படிச்சதோ 1871லருந்து அஞ்சு வருசம் மட்டில. அதுக்குள்ள உரையாடல்கள் நேர்ல கேக்கிற மாதிரி வருது. குறிப்பு, கடிதம், மற்ற மாணாக்கர்ட்ட கேட்டது எல்லாம் சேத்துத்தான் எழுதினார், அந்த உழைப்பு சாமானியமில்ல, ஆனாலும் அம்பது வருசத்துக்கு முன்னால கேட்ட பேச்சு சொல்லுக்குச் சொல்லு ஆருக்கு நிக்கும்? நிண்டது எது எண்டா ஒரு மாணவன்ட மனசுல பதிஞ்சது. குரு பாடஞ்சொன்ன விதம், வறுமையிலயும் மாணாக்கர வச்சுச் சோறு போட்ட விதம், அந்தப் பேச்சுகள்தான் முன்னுக்கு வருது. புத்தகத்துப் பேர்லயே "பிள்ளையவர்கள்" எண்டுதான் இருக்கு, வெறும் பேரச் சொல்ல அவருக்கு நா எழும்பாது. இது குறை சொல்றதுக்கில்ல. ஒரு மாணவன் குருவ அண்ணாந்து பாத்து எழுதின புத்தகம் இது எண்டு விளங்கிக்கொண்டு வாசிச்சா அதுட பெறுமதி கூடுமே தவிரக் குறையாது. உங்கட புத்தகமும் மாணவன் வாத்தியாரப் பத்தி எழுதினதுதானே புள்ள, அதே கோணம்.

எங்கட ஊருக்கு வாறன். விபுலானந்த அடிகள எடுங்க, காரைதீவுல 1892ல பிறக்கக்க வச்ச பேர் மயில்வாகனம். 1916ல மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சை பாஸ் பண்ணினது பண்டிதர் மயில்வாகனனார். 1922ல ராமகிருஷ்ண மடத்துல சேந்தாப் பிறகு பிரபோத சைதன்யர், 1924ல துறவு வாங்கினாப் பிறகுதான் விபுலானந்தர். இப்ப ஒராள் அவர்ர சின்ன வயசுச் சம்பவம் ஒண்ட எழுதிற எண்டு வையுங்க. "சிறுவன் மயில்வாகனம் கேட்டான்" எண்டு எழுதலாம், "மயில்வாகனனார் வினவினார்" எண்டும் எழுதலாம், "சுவாமிகள் தமது பத்தாவது வயதில் வினவியருளினார்கள்" எண்டும் எழுதலாம். பத்து வயசுப் பொடியனுக்கு "அருளினார்கள்" போட்டவருக்கு முடிவு முதலே தெரியும், அந்தப் பொடியன்ட ஒவ்வொரு கேள்வியும் துறவியாகப் போறவர்ர கேள்வி எண்டுதான் அவருக்குப் படுது. "கேட்டான்" எண்டு எழுதினவர் அவர வளர விடுறார். மேற்கோளுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாக்கவே தேவையில்ல, வாசல்லயே தெரிஞ்சிரும்.

அதோட அடிகளாரப் பத்தி மடத்துக்காரர் எழுதினா சமயப் பேச்சு மேற்கோளா வரும், இசைக்காரர் எழுதினா 1947ல வந்த அவர்ர இசை ஆராய்ச்சிப் புத்தகம் யாழ்நூல்லருந்து வரும், கல்வி பத்தி எழுதிறவர் சிவானந்த வித்தியாலயம் உண்டாக்கின காலத்துக் கதைகள எடுப்பார். மூணு பேரும் பொய் சொல்லல்ல. மூணு புத்தகத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் ஒவ்வொருத்தர்ர பார்வையும் பளிச்செண்டு தெரியும். புள்ளைக்கு நேரம் இருந்தா அந்த வாத்தியாரப் பத்தி பள்ளிக்கூட மலர்ல வேற ஆரும் ஒரு கட்டுரை எழுதியிருக்காங்களா எண்டு தேடுங்க, ஒரு பக்கம் கிடைச்சாலும் காணும்.


ஒலுவில் கம்பஸ்

நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் செய்யிறன், சும்மா வாசிச்சிட்டு இருந்தன், ஒண்டு சொல்லிட்டுப் போறன். சாமுவேல் ஜோன்சன்ட வரலாற எழுதின பொஸ்வெல்லத் தெரியுமா, 1791ல வந்தது, ஜோன்சன் மவுத்தாகி ஏழு வருசத்துக்குப் பிறகு. அந்தாள் ராவைக்கு வீட்ட போய் அன்னைக்குக் கேட்ட பேச்ச டயரியில எழுதி வச்சிருக்கார், அதால மேற்கோள் நிறைய. பகிடி என்னெண்டா 1763ல முதல் முதல் சந்திச்சப்ப, நான் ஸ்கொட்லாந்துலருந்துதான் வாறன், என்ன செய்யிற, என்னால ஏலாது எண்டு இவர் நெளிஞ்சுகொண்டு சொல்ல, உங்கட நாட்டாக்கள் கனபேரால அது ஏலாமத்தான் கிடக்கு எண்ட மாதிரி ஜோன்சன் ஒரு வெட்டு வெட்டியிருக்கார். தன்ன வெட்டின வெட்ட தானே எழுதிப் புத்தகத்துல போட்டிருக்கார் மனுசன்.

அதனால அக்கா, உங்கட எழுத்தாளர் தன்ன வாத்தியார் ஏசின ஏச்சு எதாவது போட்டிருக்காரா எண்டு பாருங்க. போட்டிருந்தா அதுவும் ஒரு பாயிண்ட். அதோட பொஸ்வெல் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கல்ல, வேணுமெண்டே கேள்வி கேட்டுக் கேட்டு ஜோன்சன்ட வாயக் கிண்டியிருக்கார். கேள்வி ஆர்ரது எண்டும் பாக்கோணும், மறுமொழிய மட்டும் பாத்தாக் காணாது.


படுவான்கரைப் புள்ள

எல்லாருக்கும் பெரிய நன்றி. ராவு இருந்து திரும்பப் புத்தகத்தப் பிரிச்சுப் பாத்தன், முந்தி வாசிச்ச புத்தகம் மாதிரியே இல்ல.

சேர் கேட்டதுக்கு மறுமொழி. மீன்காரர் அப்பிடிச் சொன்னாப் பிறகு வாத்தியார் ஒண்டும் சொல்லல்ல! அடுத்த வரி "ஐயா அன்று மாலை அவருடைய வாடிக்குப் போனார்" எண்டு இருக்கு, அங்க என்ன கதைச்சாங்க எண்டு இல்ல, ஒரு கிழமைக்குப் பிறகு பொடியன் பள்ளிக்கு வாறான், வலை இழுக்கிற நாளுல வரமாட்டான் எண்டு ஒரு ஏற்பாடு. அப்ப காக்கா சொன்ன மாதிரி மீன்காரரப் பாமரனாக் காட்டிறார் எண்டு முழுசா எழுத ஏலாதுபோல இருக்கு. பேச்சுத் தமிழ்ல விட்டாலும் அவருக்கு எதிர்ப்பேச்சு வைக்கல்ல, அவர்ர வசனம் வெல்லுது. அதே நேரம் அதிகாரிக்கு வாயே குடுக்கல்ல. எனக்கு இதுதான் புதினமா இருக்கு, எழுதினவருக்கு ஊராக்கள்ல பாசம் இருக்கு, கந்தோர்லதான் கோவம்.

தேத்தண்ணிக்கட அண்ணா சொன்னதயும் பாத்தன். "கூரையைப் பிறகு வேய்வோம்" எண்டதுக்கு அடியில எங்கருந்து எடுத்தது எண்டு ஒண்டும் இல்ல, ஆனா அந்தக் கூட்டம் நடக்கக்க எழுதினவர் ரெண்டாம் வகுப்பு எண்டு வேறொரு பக்கத்துல அவரே சொல்றார். அப்ப அவர் கேட்டிருக்க ஏலாது, ஆரோ சொல்லித்தான் தெரியும்.

மனிசியிட விசயம் இன்னும் இருக்கு. புத்தகம் முழுக்கத் தேடினன், அவ பேசின வசனம் ஒண்டும் இல்ல. நகை அடகு வச்ச இடத்துல "பேசவில்லையாம்", வாத்தியார் மாற்றமாகிப் போற இடத்துல "அம்மையாரின் கண்கள் பேசின". அவ்வளவுதான். அவ புத்தகம் எழுதக்க உயிரோடதான் இருந்திருக்கா, நன்றியுரையில அவட பேர் கிடக்கு, போட்டோ தந்ததுக்கு!

ஒரு பந்தி எழுதிப் பாத்தன், சரியா எண்டு சொல்லுங்க:

"நூலாசிரியர் தம் கருத்தை நேரடியாகக் கூறவில்லை. எனினும் யாருடைய கூற்றை நேர்க்கூற்றாகத் தருகிறார், யாருடையதைத் தம் சொற்களில் சுருக்குகிறார் என்பதில் அவரது நோக்கு வெளிப்படுகிறது. தலைமையாசிரியரின் கூற்று செம்மைப்படுத்தப்பட்ட நடையில் முழுமையாகத் தரப்படுகிறது. பதிவு மறுத்த அதிகாரியின் காரணங்கள் 'ஏதேதோ' என்ற சொல்லால் மறைக்கப்பட்டு, 'தட்டிக்கழித்தார்' என்ற வினையால் மதிப்பிடப்படுகின்றன. மீனவரின் கூற்று பேச்சுவழக்கில் இருப்பினும் அதற்கு மறுப்பு வைக்கப்படவில்லை. கதையின் போக்கே அதற்கு இணங்குகிறது. ஆகவே ஆசிரியர் ஊர் மக்களின் பக்கம் நின்று, நிருவாகத்தை எதிர்நிலையில் வைத்துப் பார்க்கிறார். தலைமையாசிரியரின் மனைவி நகை தந்தவராக இடம்பெற்றாலும் அவரது குரல் இடம்பெறவில்லை."


கல்லடிப் பாலத்தடி

நல்லா வந்திருக்கு புள்ள. ரெண்டு இடத்துல கை வைக்கோணும். "மறைக்கப்பட்டு" எண்டு எழுதாதீங்க, மறைச்சார் எண்டா அவருக்குத் தெரிஞ்சிருந்தது எண்டாகும், அத நீங்க காட்டல்ல. "தரப்படவில்லை" எண்டு போடுங்க, மிச்சத்த அந்த வினைச்சொல்லே சொல்லும். மத்தது, மனிசியப் பத்தின கடைசி வசனம் வால் மாதிரித் தொங்குது. நீங்க கண்டுபிடிச்சதுல அதுதான் பெறுமதியான சாமான், அதுக்குத் தனிப் பந்தி குடுங்க, நன்றியுரையில பேர் இருக்கிறதயும் சேத்து எழுதுங்க. உயிரோட இருந்த ஆள்ட்ட போட்டோ வாங்கத் தெரிஞ்சவருக்கு ஒரு கேள்வி கேக்கத் தோணல்ல, அங்க சூறாவளியும் இல்ல கடலும் இல்ல. தியாகத்துல வாத்தியார்ர பங்குதான் வரலாறு, அவடது வீட்டு விசயம் எண்டு அவர் நினைக்கிறார், அப்பிடி நினைக்கிறம் எண்டு அவருக்கே தெரியாம இருக்கலாம். நோக்கு எண்டா எப்பவும் வேணுமெண்டு செய்யிறதில்ல.

ரெண்டாம் வகுப்பு விசயத்தயும் விடாதீங்க, அது கட்டாயம் வரோணும்.


தேத்தண்ணிக்கட

ஓம், அந்த நன்றியுரை விசயத்துக்கு என்னட்ட மறுமொழி இல்ல, நீங்க வெண்டுட்டீங்க தங்கச்சி. ஆனா "ஆகவே ஆசிரியர் ஊர் மக்களின் பக்கம் நின்று" எண்டத "இந்தப் பகுதியில்" எண்டு சுருக்குங்க. நாலு மேற்கோள வச்சு முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்புச் சொன்னா வைவா எண்ட வாய்மொழிப் பரீட்சையில கேள்வி கேட்டு மடக்குவாங்க.


அச்சுக்கூடத்துக் காக்கா

மீன்காரர்ர விசயத்துல தங்கச்சி சொன்னதுதான் சரி, பந்தி முடியிற இடத்த நான் பாக்கல்ல, நீங்க பாத்திருக்கீங்க.

போறதுக்கு முந்தி ஒண்டு. இந்த மாதிரிப் புத்தகத்துல முன்னால அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை எண்டு நாலஞ்சு பேர் எழுதியிருப்பாங்க, அதுலயும் வாத்தியார்ர பொன்மொழி எண்டு மேற்கோள் கிடக்கும், பலது எழுதினவர்ர பக்கத்துக்குள்ள இல்லாததுகள். அத எடுத்து நூலாசிரியர்ர நோக்கு எண்டு போட்டிராதங்க. அது வாழ்த்துரை எழுதினவர்ர. புத்தகத்துக்குக் காசு போட்டது ஆர் எண்டு பின் அட்டையிலயோ பதிப்புரையிலயோ இரிக்கும், அதையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க, புரூப் அவங்கட கைக்கும் போயிருக்கும். மேற்கோள் எடுக்கிற ஒவ்வொண்டுக்கும் பக்க இலக்கத்தப் போட்டுருங்க.